கறுப்புப் பெட்டிக்குள் வெளிச்சம் – 14: சிவப்பு ஜன்னலில் ஏழு

மூர் மார்க்கெட் எரிந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். 1985 மே 30. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கை மாறிக் கை மாறி வந்த கேமரா என்று எண்பத்தைந்து வருடம் சரக்கு சேர்ந்த கட்டடம் ஒரே நாளில் கரியானது. பிழைத்த கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் மின்சார ரயில் நிலையம் வந்தது.

அத்திப்பட்டு புதுநகரில் சென்ட்ரல் போகிற வண்டியைப் பிடித்தால், எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர் என்று வரிசையாகக் கடந்து கடைசியில் நாம் இறங்குகிற இடம் அதுதான். பெயர்கூட மாறவில்லை: மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். தினமும் அதில் போய் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது வெறும் பிளாட்பார அறிவிப்பு.

(அத்திப்பட்டு என்றதும் ‘சிட்டிசன்’ படத்தில் காணாமல் போகிற அத்திப்பட்டியா என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இல்லை. எங்கள் ஊர் மேப்பில் பத்திரமாக இருக்கிறது.)

இதுவரை பதின்மூன்று வாரமும் கேமராவைப் பற்றிப் பேசினோம். அதன் வயிற்றுக்குள் போவதைப் பற்றிப் பேசவே இல்லை. இந்த வாரம் பேசியாக வேண்டிய கட்டாயம் எனக்கு மீஞ்சூர் காயலான் கடையில் வந்தது.

★ ★ ★

உடைந்த மிக்ஸி ஜாடிகளுக்கும் ஒரு குக்கர் மூடிக்கும் நடுவில் கிடந்தது. கடைக்காரர் அதை ‘போட்டோ பொட்டி’ என்றார். ஐந்நூறு சொன்னார், முந்நூறுக்குக் கொடுத்தார்.

அக்ஃபா கிளிக் 3. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் வீட்டில் ஒன்று இருந்திருக்கும்; இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கடன் கேட்டிருப்பார்கள். கறுப்பு உடம்பு, முகத்தில் ஒற்றை லென்ஸ், உச்சியில் எட்டிப் பார்க்கிற துவாரம். பெயர்தான் ஜெர்மனி. பெட்டி பிறந்தது குஜராத்தின் வடோதராவில், நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் ஆலையில். வெளிநாட்டுக் கேமரா வாங்க லைசென்ஸும் வசதியும் இல்லாத நடுத்தர வீட்டுக்குள் நுழைந்த முதல் கேமரா பெரும்பாலும் இதுதான்.

இதில் செய்வதற்கு அதிகம் எதுவும் கிடையாது. வெயிலா, மேகமா என்று ஒரு சின்ன நெம்பு. அவ்வளவுதான். ஷட்டர் வேகம் ஒன்றே ஒன்று, வினாடியில் முப்பதில் ஒரு பங்கை ஒட்டி. ‘சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், மூச்சைப் பிடித்துக்கொள்’ என்று மாமா சொல்லிக் கொடுத்ததோடு புகைப்படக் கல்வி முடிந்துவிடும். 120 ரோல் ஒன்று போட்டால் பன்னிரண்டு சதுரப் படங்கள். கோயில் வாசலில் இரண்டு, குழந்தைக்கு மொட்டை போட்டதில் இரண்டு, கொலு நாலு. மிச்சத்தை அடுத்த பொங்கல் வரைக்கும் பத்திரப்படுத்துவார்கள். ஒரு ரோல் ஒரு வருடம் ஓடிய வீடுகள் உண்டு.

கடையிலேயே திருப்பிப் பார்த்தேன். முதுகில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சிவப்பு ஜன்னல். அதற்குள் மங்கலாக ஓர் எண்.

7.

உள்ளே ரோல் இருக்கிறது.

★ ★ ★

இந்த ஜன்னல் விவகாரத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். 120 ரோலில் பிலிமோடு சேர்ந்து ஒரு நீளக் காகிதமும் சுற்றியிருக்கும். அந்தக் காகிதத்தின் முதுகில்தான் 1, 2, 3 என்று எண்கள். குமிழைத் திருகத் திருக எண் ஜன்னலில் நகர்ந்து வரும். எண் நடுவில் வந்து நின்றால் அடுத்த படத்துக்குத் தயார். 1901-ல் கோடக்கின் இரண்டாம் நம்பர் பிரௌனி கேமராவுக்காக வந்த அளவு இது. இன்றைக்கும் அதே ஸ்பூல், அதே அகலம், அதே காகிதம். செல்போன் சார்ஜர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறுகிற காலத்தில் இதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும்.

ஜன்னல் ஏன் சிவப்பு? அந்தக் காலத்துப் பிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது. அதனால் சிவப்புக் கண்ணாடி போட்டால் போதும் என்றார்கள். பிறகு எல்லா நிறமும் உணர்கிற பிலிம் வந்தது. ஜன்னல் மட்டும் பழைய சிவப்பாகவே தங்கிவிட்டது. நடுவில் இருக்கிற காகிதம்தான் காவல். மீஞ்சூர் காயலான் கடை வெயிலில் அந்தக் காவல் எத்தனை நாள் தாங்கியது என்பது வேறு கவலை.

ஏழு என்று நிற்கிறது. அப்படியானால் எத்தனை படம் எடுத்திருக்கிறார்கள்? ஏழு என்று உடனே சொல்லத் தோன்றும். அவசரப்படாதீர்கள்.

சிலர் படம் எடுத்த கையோடு ரோலைத் திருகி அடுத்த எண்ணில் நிறுத்தி வைப்பார்கள். அப்படியானவர் கை என்றால் எடுத்தது ஆறு. ஏழாவது கட்டம் இன்னும் கன்னி. வேறு சிலர் அடுத்த படம் எடுக்கப் போகும்போதுதான் திருகுவார்கள். அவர் கை என்றால் ஏழும் முடிந்துவிட்டது. கிளிக் 3-ல் இதைக் காட்டிக்கொடுக்க எந்தப் பூட்டும் கிடையாது. ஒரே கட்டத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டலாம். தாத்தாவின் வயிற்றில் மாமல்லபுரம் கோயில் முளைத்த படங்களெல்லாம் இப்படி வந்தவைதான்.

எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி வேறு. உள்ளே இருப்பது என்ன ரோல்? திறந்து பார்த்தால் தெரியும். திறந்தால் வெளிச்சம் பட்டுப் படமே இருக்காது. ஆனால் அந்த நாட்களில் தமிழ்நாட்டு ஸ்டுடியோக் கண்ணாடி அலமாரியில் கிடைத்த ரோல்கள் எவை என்று தெரிந்தால், மூன்று பேரைச் சந்தேகிக்கலாம். மூவரின் கதையும் நம் துறைமுக வாசலில்தான் பின்னிக் கிடக்கிறது.

★ ★ ★

முதலில், பிலிம் என்பது நமக்கு எவ்வளவு பெரிய பஞ்சப் பொருளாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் உலகப் போரின்போது கச்சா பிலிம் முழுக்கக் கப்பலில் வர வேண்டிய சரக்கு. கப்பல் குறைந்தது, பிலிம் குறைந்தது. ஒரு திரைப்படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு கட்டளையே போட்டது. இருபதாயிரம் அடிக்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த தமிழ் சினிமாவுக்கு மூச்சு முட்டியது. நம் படங்களில் பாட்டு குறைந்ததற்கு ரசனை காரணம் என்று எழுதுபவர்கள் அந்த அடிக்கணக்கையும் ஒருமுறை பார்க்கலாம்.

சுதந்திரத்துக்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் இயந்திரங்களை வாங்கிக் குவித்ததில் 1957-ஐ ஒட்டி அந்நியச் செலாவணி கரைந்துவிட்டது. இறக்குமதி கெடுபிடி இறுகியது. உருக்காலை இயந்திரத்துக்கே டாலர் இல்லாதபோது மொட்டை போட்ட குழந்தையைப் படம் பிடிக்க யார் டாலர் கொடுப்பார்கள்? ஆனால் பிலிம் என்பது மொட்டைக்கு மட்டுமில்லையே. ஆஸ்பத்திரி எக்ஸ்ரேக்கு வேண்டும். ராணுவத்துக்கு வேண்டும். கோடம்பாக்கத்துக்கு வேண்டும்.

அப்போது கிடைத்த வெளிநாட்டு ரோல்களில் முதல் சந்தேக நபர், கேமராவின் பெயரையே கொண்ட அக்ஃபா. ஐசோபான் என்று ஒரு கறுப்பு வெள்ளை ரோல். இதே குடும்பத்தோடு 1964-ல் இணைந்ததுதான் பெல்ஜியத்தின் கேவர்ட். 1956-ல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ போஸ்டரில் மின்னிய ‘கேவா கலர்’ நினைவிருக்கிறதா? தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் அந்தக் கம்பெனிப் பிலிமில்தான் வந்தது.

இரண்டாவது சந்தேக நபர் முதலாமவரின் உடன்பிறப்பு. அக்ஃபாவின் பெரிய பிலிம் ஆலை இருந்தது ஜெர்மனியின் வோல்ஃபன் ஊரில். போர் முடிந்து நாடு இரண்டானபோது வோல்ஃபன் கிழக்கே போய்விட்டது. மேற்கே இருந்தவர்கள் லெவர்குசனில் பிலிம் ஆலை நடத்தினார்கள். இரண்டு பேரும் அக்ஃபா என்ற ஒரே பெயரில் விற்றுக்கொண்டிருந்தார்கள், பெயர் யாருக்கு என்ற தகராறோடு. 1964-ல் கிழக்கத்தியர் பெயரை மாற்றிக்கொண்டார்கள்: ஆர்வோ. ‘ஒரிஜினல் வோல்ஃபன்’ என்பதன் சுருக்கம்.

ஆர்வோ நமக்கு எளிதாகக் கிடைத்ததற்குக் காரணம் தரமில்லை, கணக்கு. கிழக்கு ஜெர்மனியோடு நமக்கு ரூபாயில் வியாபாரம். டாலர் வேண்டாம். அவர்கள் பிலிம் தருவார்கள். அதற்கு ஈடாக நம் சரக்கை எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் எழுபதுகளில் ‘ஆர்வோ கலர்’ என்று சுவரொட்டிகளில் வந்தது. ஸ்டுடியோக்காரர்கள் எண்ணைச் சொல்லியே கேட்பார்கள்: “இருபது இருக்கா, இருபத்திரண்டு இருக்கா?” என்பி 20, என்பி 22. அது பிலிமின் வேகத்துக்கு ஜெர்மன்காரர்கள் வைத்த டின் கணக்கு. 22 டின் என்றால் 125 ஏஎஸ்ஏ. கிளிக் 3 போன்ற சோம்பேறிக் கேமராவுக்கு நல்ல வெயிலில் அளவான சோறு.

ஒரே அலமாரி. ஒரு பக்கம் மேற்கு, இன்னொரு பக்கம் கிழக்கு. பெர்லினில் சுவர் எழும்பி நின்ற காலத்தில் அண்ணனும் தம்பியும் இங்கே ஒரு கண்ணாடிக்குப் பின்னால் தோளோடு தோளாக நின்றிருக்கிறார்கள்.

★ ★ ★

மூன்றாவது நபர் நம்மூர்க்காரர். இவரிடம் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1960-ல் மத்திய அரசு இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. இடம் உதகமண்டலம். தொழில்நுட்பம் பிரான்சின் பௌஷே நிறுவனத்திடமிருந்து. 1967-ல் பிலிம் வெளிவரத் தொடங்கியது. பெயர் ‘இந்து’. இந்து என்றால் நிலா. வெள்ளி உப்பைத் தடவி இருட்டில் பிறக்கிற சரக்குக்கு அதைவிடப் பொருத்தமாக ஒரு பெயர் வைக்க என்னால் முடியாது. ஆலையைச் சுற்றி உருவான குடியிருப்புக்கும் இந்து நகர் என்றே பெயர்.

ஏன் ஊட்டி? பிலிமுக்குத் தூசு எமன். ஒரு துகள் ஒட்டினால் திரையில் அது எலுமிச்சம்பழ அளவுக்குத் தெரியும். குளிர்ந்த, தூசு குறைந்த காற்று வேண்டும். ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் அது சும்மா கிடைத்தது. இதே ஆலையை எங்கள் பக்கம் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் மாலையில் பெயர் எழுதலாம். உப்பு பாதி, அனல் மின் நிலையச் சாம்பல் பாதி.

பிலிம் செய்வது ஒரு விசித்திரமான சமையல். மாட்டு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வடிக்கிற ஜெலட்டினைக் கரைக்க வேண்டும். அதில் வெள்ளி நைட்ரேட்டையும் பொட்டாசியம் புரோமைடையும் சேர்த்தால் வெள்ளி புரோமைடு பொடிப் பொடியாகப் பிறக்கும். எவ்வளவு நேரம் எந்தச் சூட்டில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பொடியின் பருமன். பொடி பெருத்தால் வேகமான பிலிம், ஆனால் படத்தில் மணல் தெரியும். சிறுத்தால் வழுவழுப்பு, ஆனால் வெயில் நிறைய வேண்டும். இந்தக் கஞ்சியை ஒளி ஊடுருவும் தாளின் மேல் முடியை விட மெல்லிசாகப் பூச வேண்டும். பூசுவது, உலர்த்துவது, வெட்டுவது, சுற்றுவது, டப்பாவில் அடைப்பது எல்லாம் இருட்டில்.

எல்லா நிறமும் உணர்கிற பிலிம் என்றால் பேருக்குக்கூட ஒரு சிவப்பு விளக்கு கிடையாது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றே. கைதான் கண். எந்த அடுக்கில் எந்தச் சுருள் என்பது விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் நீலகிரி வெயில். நம் வீட்டு ஆல்பங்களில் இருக்கிற எத்தனையோ முகங்களுக்குப் பின்னால் அப்படி இருட்டில் நின்றவர்களின் விரல்கள் இருக்கின்றன.

எக்ஸ்ரேத் தாள், கறுப்பு வெள்ளை சினிமாப் பிலிம், புரோமைடு பேப்பர், ரோல் எல்லாம் வந்தன. வெளிநாட்டு ரோலின் நேர்த்தி இதில் இல்லை என்று அலுத்துக்கொண்ட ஸ்டுடியோக்காரர்கள் உண்டு. அலுத்துக்கொண்டே வாங்கினார்கள். வேறு சரக்கு எளிதில் கிடைக்காத நாட்டில் கிடைத்த சரக்கு.

★ ★ ★

பிறகு என்ன ஆயிற்று?

இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் ஒரே பதில் வரும்: “டிஜிட்டல் வந்து எல்லாத்தையும் சாப்பிட்டுடுச்சு.” நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்த அன்றைக்குத்தான் உறைத்தது. நலிந்த ஆலை என்று இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் அறிவிக்கப்பட்டது 1996-ல். அப்போது தமிழ்நாட்டில் டிஜிட்டல் கேமராவை எத்தனை பேர் கண்ணால் பார்த்திருப்பார்கள்? உலகம் முழுக்கப் பிலிம் விற்பனை உச்சத்தைத் தொட்டதே அதற்குப் பின்னால், 2000-ஐ ஒட்டி. ஊரெல்லாம் கல்யாண விருந்து நடந்துகொண்டிருந்தபோது பந்தியில் உட்கார்ந்த ஒருவர் மட்டும் பட்டினியில் செத்த கதை இது.

முதல் அடி வண்ணம். எழுபதுகளிலேயே தமிழ் சினிமா வண்ணத்துக்கு நகரத் தொடங்கிவிட்டது. 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி டிவியும் வண்ணமானது. எண்பதுகளின் இறுதிக்குள் கல்யாண ஆல்பத்தில் கறுப்பு வெள்ளை என்றால் பெண் வீட்டார் முகம் சுளிக்கும் நிலை. இந்து ஆலையின் பலமோ கறுப்பு வெள்ளையிலும் எக்ஸ்ரேயிலும். வண்ண ரோலும் ‘இந்து’ பெயரில் வந்தது. ஆனால் அது வெளிநாட்டிலிருந்து பெரிய பெரிய சுருள்களாக வரவழைத்து, இங்கே வெட்டி டப்பாவில் அடைத்தது. மாவு அவர்களுடையது, தோசை நம்முடையது.

இரண்டாவது அடி நாமே எடுத்துக்கொண்டது. அசிட்டேட் தாளுக்குப் பதில் பாலியெஸ்டர் தாளில் பிலிம் செய்யும் புது ஆலை. அமெரிக்காவின் டுபாண்ட் தொழில்நுட்பம். யோசனை தப்பென்று நான் சொல்ல மாட்டேன். எக்ஸ்ரே உலகம் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் கடன் வாங்கிக் கட்டிய ஆலை. கட்டி முடிக்க முடிக்க வட்டி ஏறியது.

மூன்றாவது அடி துறைமுகத்திலிருந்து வந்தது. 1991-ல் நாடு கதவைத் திறந்தது. அந்த வருடம் அதிகபட்ச சுங்கவரி 150 சதவீதம் என்று வைத்தார்கள். 1995-ல் அது 50 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ஊட்டியில் புது ஆலைக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்த அதே வருடங்களில், சென்னைத் துறைமுகத்தில் வெளிநாட்டுச் சரக்கு வருடத்துக்கு வருடம் மலிவாக இறங்கிக்கொண்டிருந்தது. தெருவுக்குத் தெரு மஞ்சள் போர்டும் பச்சை போர்டும் வைத்த கலர் லேப்கள் முளைத்தன.

எந்தக் கதவு மூடியிருந்ததால் இந்து பிறந்ததோ, அந்தக் கதவு திறந்தது. ஆலைக்குத் தயாராக அவகாசம் கிடைக்கவில்லை.

1996-க்குப் பிறகும் ஆலை உடனே மூடவில்லை. அதுதான் கொடுமை. கொஞ்சம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். கடனுக்கு மட்டும் ஓய்வே இல்லை. 2014-ல் மத்திய அரசு விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. இருட்டில் கையால் பார்க்கப் பழகியவர்கள் ஒவ்வொருவராக மலையிறங்கினார்கள்.

வோல்ஃபன்காரர் கதையும் சுகமில்லை. சுவர் இடிந்து, ஜெர்மனி ஒன்றானதும் ஆர்வோவின் பழைய சந்தை சரிந்தது. ரூபாயில் பிலிம் வாங்கிய நம்மைப் போன்ற வாடிக்கையாளரும் போனார். ஆனால் பெயர் சாகவில்லை. சில வருடங்களுக்கு முன் வோல்ஃபன் பெயரிலேயே புது வண்ண ரோல் ஒன்று சந்தைக்கு வந்தது. 2024-ல் பென்டாக்ஸ் புதிதாக ஒரு பிலிம் கேமராவே வெளியிட்டது. இளைஞர்கள் ரோல் போட்டுப் படம் எடுக்கிறார்கள். இந்தியாவில் அவர்கள் வாங்குகிற ரோல் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. 1957-க்கு முன் நின்ற இடத்தில் மறுபடி நிற்கிறோம்.

இந்துவின் எக்ஸ்ரேத் தாள்கள் கடைசியாக எங்கே போயின தெரியுமா? காயலான் கடைக்கு. பழைய எக்ஸ்ரேயில் வெள்ளி இருக்கிறதல்லவா, எடை போட்டு வாங்குவார்கள். என் கிளிக் 3 கிடந்த கடையிலும் ஒரு கட்டு இருந்தது. யாருடைய விலா எலும்போ.

★ ★ ★

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் பாய் கடை. வாட்ச் ரிப்பேர் என்று போர்டு. கேட்டால்தான் கேமராவும் பார்ப்பார். சின்ன வயதில் மூர் மார்க்கெட்டில் ஒரு கேமராக் கடையில் எடுபிடியாக இருந்தவர்.

கிளிக் 3-ஐக் கையில் வாங்கியதும் அவருடைய முதல் கேள்வி: “இத்த தொறந்தியா தம்பி?”

“இல்ல பாய். ஏழுல நிக்குது.”

தலையை ஆட்டினார். ஜன்னலைப் பார்த்துவிட்டு முதல் வேலையாக அதன் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டினார். மீஞ்சூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் நான் அதைச் செய்யவில்லை என்பதை ஒரு பார்வையால் சொன்னார்.

லென்ஸ் மேல் வெள்ளையாக ஒரு படலம். நான் கர்ச்சீப்பை எடுத்தேன். கையைத் தட்டிவிட்டார். “சாம்பல் தம்பி. தொட்டா கீறும்.” அனல் மின் நிலையச் சாம்பல் என்பது பொடித்த கண்ணாடி மாதிரிதான், உலர்ந்தபடி தேய்த்தால் லென்ஸ் போச்சு. காது கழுவுகிற ரப்பர் பல்பால் ஊதினார். முந்நூறு முறையாவது ஊதியிருப்பார். பிறகு பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் மல் துணியின் நுனியை நனைத்து, நடுவிலிருந்து வெளியே ஒரே சுற்று. துணியைப் புரட்டி இன்னொரு சுற்று. உப்பு கரைந்தது. ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. “இது உள்ள போயிருக்கு. இப்ப வாணாம். ரோல் வெளிய வரட்டும்.”

ஷட்டர் நெம்பு அழுந்தியது, திரும்பவில்லை. முதுகைத் திறக்க முடியாது. முன்பக்கமாக மட்டும், அதுவும் ஷட்டர் தகடு மூடிய நிலையிலேயே, ஊசி முனையில் ஒரு பொட்டு ஒயிட் பெட்ரோல். காத்திருந்தார். இன்னொரு பொட்டு. டீ சொன்னார்.

டீ வந்து ஆறியது. இப்போது தட்டிப் பார்க்க வேண்டும். தட்டினால் தகடு திறக்கும். திறந்தால் ஏழாவது கட்டத்தில் வெளிச்சம் விழும்.

பாய் எழுந்து கடை ஷட்டரை இறக்கினார். டியூப்லைட்டை அணைத்தார். கதவிடுக்கில் ஒரு கோடு வெளிச்சம். அதன் மேல் கோணியைத் திணித்தார். பிறகு கேமராவைத் தன் கறுப்புக் கோட்டுக்குள் சுருட்டிக்கொண்டார் என்பதைத் துணிச் சத்தத்தில் தெரிந்துகொண்டேன்.

கும்மிருட்டு. வெளியே மீன் வண்டி ஹாரன். ஊட்டி ஆலையின் ஞாபகம் எனக்கு அப்போதுதான் வந்தது.

டக்.

“கொஞ்சம் சோம்பல்,” என்றது பாயின் குரல். மறுபடி ஒரு பொட்டு. டக். மறுபடி. கிளிக்.

“இப்ப முப்பதுல ஒண்ணு. காதுக்குத் தெரியுது.”

விளக்கைப் போட்டார். கேமராவை என் கையில் வைத்தார். காசு பேசவில்லை, அதைவிடக் கடினமான விஷயத்தைப் பேசினார்.

“எட்டுலேருந்து பன்னெண்டு வரைக்கும் அஞ்சு கட்டம் காலி. சும்மா திருவி முடிச்சு ரோலை எடுத்துடலாம். இல்ல, அஞ்சும் எடுத்துட்டு எடுக்கலாம். இன்னா பண்ணப் போற?”

இது எளிதான கேள்வி மாதிரிதான் தோன்றியது. யோசிக்க யோசிக்கச் சிக்கலானது. முப்பது நாற்பது வருடம் வட சென்னைச் சூட்டில் கிடந்த பிலிமில் புகை மூட்டம் ஏறியிருக்கும். பழைய படங்கள் வெளுத்துக்கொண்டே வந்திருக்கும். அவற்றை மீட்க, மூட்டத்தை அடக்குகிற மருந்து சேர்த்து, குளிர்ந்த டெவலப்பரில் ஜாக்கிரதையாகக் கழுவ வேண்டும். அதே ரோலில் இன்று எடுக்கிற படத்துக்கோ, வேகம் செத்துப்போன பிலிம் என்பதால் பல மடங்கு வெளிச்சம் வேண்டும். அது இந்தக் கேமராவால் ஆகாது. வெயிலா மேகமா என்பதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது. இரண்டையும் ஒரே தொட்டியில் ஒரே நேரம்தான் கழுவ முடியும். ஒன்றைக் காப்பாற்றப் போய் இன்னொன்றைக் கெடுக்க வேண்டியிருக்கும்.

ஆனால் திருகிவிட்டுச் சும்மா எடுக்கவும் மனம் வரவில்லை. யாரோ ஒருவர் அடுத்த பொங்கலுக்கு என்று மிச்சம் வைத்த ஐந்து அவை.

“ஏழாவது?” என்று கேட்டேன். “அது எடுத்ததா, எடுக்காததா பாய்?”

பாய் டேப்பின் ஒரு முனையை நகத்தால் உயர்த்தி, உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தார். எண் ஜன்னலின் நடுவில் இல்லை. கொஞ்சம் தள்ளி, இடது ஓரத்தில் நின்றது. ஏழைத் தாண்டி யாரோ திருகத் தொடங்கி, பாதியில் விட்டிருக்கிறார்கள்.

ஏன் விட்டார்கள்?

(தொடரும்)